நரம்புக்கு ஒரு போர்வை



ஒரு திங்கட்கிழமைக் காலை, ஏழாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எப்போதும் முதல் வரிசையில் உட்காரும் ஒரு மாணவி, அன்று கடைசி பெஞ்சில் ஒரு காலை மடக்கி மறைத்தவாறு உட்கார்ந்திருந்தாள். அருகில் சென்று பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே பழந்துணிக் கட்டு. அவிழ்த்தால் நான்கு பற்கள் பதிந்த காயம். அதன்மேல் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசியிருந்தது. சனிக்கிழமை மாலை காசிமேட்டில், மீன் ஏலம் போடும் இடத்துக்குப் பக்கத்தில், தெருநாய் கடித்ததாம்.

"ஏம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையா?" என்று கேட்டேன்.

"பயமா இருக்கு டீச்சர். தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்களாம். அதைப் போட்டா காலு விளங்காமப் போயிடுமாம். எங்க ஆயா சொல்லிச்சு. ஆயாவோட தம்பிக்கு அப்படித்தான் ஆச்சாம்" என்றாள்.

தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களிடம் சொல்லி, அந்த மணி நேரத்திலேயே அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மாலையில் ஆயா பள்ளிக்கு வந்தார். அவரிடம் முழுக் கதையையும் கேட்டேன். 1970-களில் அவருடைய தம்பிக்கு நாய் கடித்தது. தினம் ஓர் ஊசியாக வயிற்றில் போட்டார்கள். பத்தாவது ஊசிக்குப் பிறகு இரண்டு கால்களும் மரத்து, எழுந்து நிற்க முடியாமல் போய்விட்டது. பல மாதங்கள் படுத்திருந்து, பின்பு கோலூன்றி நடந்தார்.

ஆயா பொய் சொல்லவில்லை. அக்காலத்து ஊசியால் அப்படி நடந்தது உண்டு. ஆனால் இப்போது போடப்படும் ஊசி வேறு. அந்த வேறுபாடு என்ன என்பதை அறிய வேண்டுமானால், நம் நரம்புகளின்மேல் இயற்கை சுற்றிவைத்துள்ள ஒரு மெல்லிய போர்வையைப் பற்றி நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பெயர் மையலின் உறை.

செய்தி செல்லும் கம்பி

நரம்பு செல்லை நியூரான் என்கிறோம். அதற்கு ஓர் உடல் உண்டு. செய்திகளை வாங்கிக்கொள்ளும் டென்டிரைட் என்னும் சிறு கிளைகள் உண்டு. செய்தியை வெளியே அனுப்பும் ஆக்ஸான் என்னும் நீண்ட இழை ஒன்று உண்டு. தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து பாதம்வரை செல்லும் ஆக்ஸான் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய 1 மீட்டர் நீளம் இருக்கும். ஆனால் அதன் தடிமனோ தலைமுடியைவிடப் பன்மடங்கு குறைவு.

இந்த இழையில் செல்வது மின்சாரம்தான். ஆனால் வீட்டுக் கம்பியில் ஓடும் மின்சாரம் போன்றதன்று. ஆக்ஸானின் சுவரில் மிகச் சிறிய கதவுகள் உள்ளன. அவை திறக்கும்போது வெளியிலிருந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அதனால் அவ்விடத்தில் மின்னழுத்தம் ஒரு கணம் மாறுகிறது. அந்த மாற்றம் அடுத்த கதவைத் திறக்கச் செய்கிறது. அது அதற்கடுத்ததைத் திறக்கச் செய்கிறது. இவ்வாறு ஒவ்வொரு கதவாகத் திறந்து திறந்து செய்தி நகர்கிறது.

போர்வையில்லாத மெல்லிய நரம்பிழையில் இச்செய்தி நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர் வேகத்தில்தான் செல்லும். அது நாம் நடக்கும் வேகம். போர்வை போர்த்த தடித்த இழையிலோ நொடிக்கு 100 மீட்டருக்கு மேலும் செல்லும். கால் விரல் கல்லில் இடித்துக்கொண்டால் முதலில் சுரீர் என்று ஒரு வலியும், சற்றுப் பொறுத்து விண்விண் என்று மற்றொரு வலியும் வருவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். முதலாவது, மெல்லிய போர்வையுள்ள இழையில் வந்த செய்தி. இரண்டாவது, போர்வையில்லாத இழையில் நடந்து வந்த செய்தி!

போர்வை எப்படிச் சுற்றப்படுகிறது?

1839-ஆம் ஆண்டில் தியோடர் ஸ்வான் என்னும் ஜெர்மானிய அறிஞர், நரம்பிழைகளை ஒட்டியுள்ள ஒருவகைச் செல்களை விவரித்தார். அவை இன்று ஸ்வான் செல்கள் எனப்படுகின்றன. உறைக்கு மையலின் என்று 1854-இல் பெயரிட்டவர் ருடால்ப் விர்ச்சோ. ஆனால் அந்த உறை எங்கிருந்து வருகிறது என்பது நூறு ஆண்டுகள் தெளிவாகாமலேயே இருந்தது.

அதைத் தெளிவாக்கியவர் ஒரு பெண் என்பதை நீங்கள் மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்ளலாம். 1954-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெட்டி கெரென் என்பவர், முட்டைக்குள் வளரும் கோழிக் கருவின் நரம்புகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். ஸ்வான் செல் முதலில் ஆக்ஸானைத் தன் மடியில் ஏந்திக்கொள்கிறது. பின்பு தன் மெல்லிய சவ்வை அதைச் சுற்றிச் சுற்றிப் போர்த்துகிறது. அடிபட்ட விரலில் நாம் துணியைச் சுற்றுவதைப் போல அது சுற்று மேல் சுற்றாக அமைகிறது. தடித்த நரம்பிழைகளில் இச்சுற்றுகள் நூறுவரைகூட இருக்கும். சுற்றுகளுக்கிடையே இருந்த நீர்மம் பிழிந்து வெளியேற்றப்படுகிறது. எஞ்சுவது இறுகிய படலம். அதன் உலர் எடையில் 70 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு, மீதி புரதம். கொழுப்பு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. எனவே நல்ல காப்பு.

கை கால்களில் உள்ள நரம்புகளில் ஒரு ஸ்வான் செல், ஓர் இழையின் ஒரு துண்டுக்கு மட்டுமே போர்வையாகும். மூளையிலும் தண்டுவடத்திலும் இந்த வேலையைச் செய்பவை ஆலிகோடென்ட்ரோசைட் என்னும் வேறு செல்கள். அவை பல கைகளை நீட்டி, ஒரே நேரத்தில் பல இழைகளுக்குப் போர்வை சுற்றும். ஒரு தாய் பல பிள்ளைகளுக்குத் தலைவாரி விடுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்த வேலை தாயின் கருவிலேயே தொடங்குகிறது. பிறந்த முதல் இரண்டு ஆண்டுகளில் மிக வேகமாக நடைபெறுகிறது. குழந்தை தலை நிற்பதும், உட்காருவதும், தளர்நடை போடுவதும் இப்போர்வை படிப்படியாக நிறைவதோடு தொடர்புடையவை. நெற்றிக்குப் பின்னால், நன்மை தீமை சீர்தூக்கி முடிவெடுக்க உதவும் மூளைப்பகுதியில், இவ்வேலை இருபது வயதைத் தாண்டியும் தொடர்கிறது. பெற்றோர்களே! உங்கள் பெண் சில நேரம் யோசியாமல் நடந்துகொண்டால், அவள் மூளையில் போர்வை சுற்றும் வேலை இன்னும் முடியவில்லை என்பதை நினைத்துச் சற்றுப் பொறுமை காட்டுங்கள்.

தாவிச் செல்லும் செய்தி

போர்வை இடைவெளியில்லாமல் மூடிவிடுவதில்லை. ஏறக்குறைய ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஒரு சிறு இடைவெளி விடப்பட்டிருக்கும். பிரெஞ்சு அறிஞர் ரான்வியர் 1871-இல் விவரித்ததால் அது ரான்வியர் கணு எனப்படுகிறது. சோடியக் கதவுகள் பெரும்பாலும் இக்கணுக்களில்தான் கூட்டமாக உள்ளன. ஆகவே செய்தி ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குத் தாவித் தாவிச் செல்கிறது. இதனை 1939-இல் சோதனை மூலம் காட்டியவர் ஜப்பானியரான இச்சிஜி தஸாகி.

கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் நின்றுதான் போகும். அதே தடத்தில் வடக்கே செல்லும் எக்ஸ்பிரஸ் வண்டியோ இந்த நிலையங்களையெல்லாம் தாண்டிப் பறந்துவிடும். போர்வையில்லாத நரம்பு, நின்று செல்லும் மின்சார ரயில். போர்வையுள்ள நரம்பு, எக்ஸ்பிரஸ் வண்டி.

போர்வை பழுதானால்

போர்வை கழன்றால் மின்னோட்டம் வழியில் கசிந்துவிடும். அடுத்த கணுவைச் சென்று சேர்வதற்குள் வலுவிழந்துவிடும். செய்தி தாமதமாகும், சில நேரம் நின்றே போகும். கால் "எழுந்திரு" என்ற ஆணையைப் பெறாது. தசையில் பலம் இருந்தும் கால் அசையாது. மறுபுறம், தொட்டால் தெரியாது. அல்லது தொடாமலே எறும்பு ஊர்வது போலிருக்கும். கண் நரம்பில் போர்வை கெட்டால் பார்வை மங்கும்.

சரி, ஆயாவின் தம்பிக்குப் போர்வை ஏன் கெட்டது?

குன்னூரும் ஆட்டு மூளையும்

வெறிநாய்க் கடிக்கு 1885-இல் முதன்முதலாகத் தடுப்பூசி போட்டவர் லூயி பாஸ்டர் என்பது உங்களுக்குத் தெரியும். ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவன் அதைப் பெற்றான். நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலர்த்தித் தயாரித்த மருந்து அது. வெறிநோய்க் கிருமி நரம்புத் திசுவில் நன்றாக வளரும் என்பதால், அக்காலத்தில் நரம்புத் திசுவிலிருந்துதான் மருந்து எடுக்க முடிந்தது.

இந்தியாவில் 1900-இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியிலும், 1907-இல் நம் நீலகிரியில் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் திறக்கப்பட்டன. 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற மருத்துவர், ஆட்டின் மூளையில் வளர்த்த கிருமியைக் கார்பாலிக் அமிலத்தால் செயலிழக்கச் செய்து மருந்து தயாரித்தார். செய்வது எளிது, செலவும் குறைவு. பல பத்தாண்டுகள் நம் நாட்டு மக்களைக் காத்தது அந்த மருந்துதான். வயிற்றில் 14 நாள் போடப்பட்ட ஊசி அதுவே. வெறிநோய் வந்துவிட்டால் மரணம் ஏறத்தாழ உறுதி. எனவே அந்த ஊசியால் பிழைத்தவர்கள் எண்ணற்றோர் என்பதை நாம் மறக்கக் கூடாது.

ஆனால் ஒரு குறை இருந்தது. மருந்தில் கிருமி மட்டுமின்றி, ஆட்டு மூளையின் மையலினும் கலந்திருந்தது. ஆட்டின் மையலினும் மனிதனின் மையலினும் பெரிதும் ஒத்தவை. துறைமுக வாசலில் நிற்கும் காவலரிடம் ஒரு திருடனின் படத்தைக் கொடுத்துப் "பிடியுங்கள்" என்கிறோம். அந்தப் படத்தில் திருடனுக்குப் பக்கத்தில் நம் வீட்டுக்காரர் ஒருவரும் நின்றிருந்தால் என்ன ஆகும்? காவலர் இருவரையும் பிடிப்பார். அதுபோலவே, உடலின் எதிர்ப்புச் சக்தி கிருமியோடு சொந்த நரம்பின் போர்வையையும் பகையெனக் கருதித் தாக்கியது. அதனால் சிலருக்கு ஊசி தொடங்கிய ஓரிரு வாரங்களில் கை கால்கள் செயலிழந்தன. சில நூறு பேருக்கு ஒருவர் முதல் சில ஆயிரம் பேருக்கு ஒருவர் வரை இவ்வாறு ஆனதாக வெவ்வேறு இடங்களில் கணக்கிடப்பட்டது. சிலர் இறந்ததும் உண்டு.

1930-களில் நியூயார்க்கில் தாமஸ் ரிவர்ஸ், கிருமியே இல்லாத மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குப் பலமுறை செலுத்தி, அவற்றுக்கும் இவ்வாறே ஆவதைக் கண்டார். ஆகவே குற்றவாளி கிருமியன்று, மூளைத் திசுவே என்பது விளங்கிற்று. 1987-இல் தாய்லாந்து மருத்துவர்கள், செம்பிள் ஊசியால் பாதிக்கப்பட்டவர்களிடம் மையலின் புரதத்துக்கு எதிரான பொருள்கள் இருந்ததைக் காட்டினார்கள்.

இதற்கிடையில் 1955-இல் தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் ஒரு புதிய வழி கண்டார்கள். பிறந்த சில நாட்களே ஆன சுண்டெலிக் குஞ்சின் மூளையில் மருந்து தயாரித்தார்கள். ஏன் தெரியுமா? அந்த மூளையில் போர்வை சுற்றும் வேலை இன்னும் சரியாகத் தொடங்கவில்லை. மையலின் மிகக் குறைவு. அதனால் ஆபத்தும் குறைவு! மாணவியரே, உயிரியல் பாடத்தில் "எப்போது சுற்றப்படுகிறது?" என்று படிப்பது எதற்கு என்று கேட்பீர்களே, இதோ விடை.

பின்னர் மூளைத் திசுவே தேவைப்படாத முறை வந்தது. கண்ணாடிக் குடுவையில் வளர்க்கப்படும் செல்களில் கிருமியை வளர்த்து, செயலிழக்கச் செய்து, தூய்மைப்படுத்தி மருந்து செய்தார்கள். குன்னூர் நிலையமும் அம்முறைக்கு மாறியது. 2004 டிசம்பருடன் ஆட்டு மூளை மருந்து தயாரிப்பு இந்தியாவில் நிறுத்தப்பட்டது. இப்போது போடும் ஊசியில் நரம்புத் திசு இல்லை. அது போடப்படுவது வயிற்றில் அன்று, பெரியவர்களுக்குப் புயத்தில்தான். எண்ணிக்கையும் 14 அன்று.

போர்வையின் வேறு பகைவர்கள்

எதிர்ப்புச் சக்தியின் தவறு ஊசியில்லாமலும் நேரலாம். 1916-இல் பிரான்சில் கியாங், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று மருத்துவர்கள் இரு போர்வீரர்களிடம் கண்டு எழுதிய நோய் கியாங்-பாரே நோய். வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து சில வாரங்களுக்குள், கால் தொடங்கி மேல் நோக்கிப் பலவீனம் ஏறும். 2025 ஜனவரியில் புனே நகரில் பலருக்கு ஒரே காலத்தில் இந்நோய் கண்டது. மாசுபட்ட தண்ணீரின் மேல் ஐயம் எழுந்தது. நம் பகுதியில் குழாய் நீரோடு கழிவுநீர் கலந்து வரும் நாட்களில், நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி நாங்கள் சொல்வது காலராவுக்காக மட்டுமன்று.

தொண்டை அடைப்பான் நோயின் நஞ்சும் போர்வையைக் கெடுக்கும். தொண்டை ஆறி, பிள்ளை தேறிவிட்டது என்று எண்ணும் வேளையில் குரல் மூக்கால் வரும். குடித்த தண்ணீர் மூக்கு வழியே திரும்பும். தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில் முன்பு இந்நோயோடு எத்தனையோ குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். தடுப்பூசியால்தான் அது இன்று அரிதாயிற்று.

தொழுநோய்க் கிருமி ஸ்வான் செல்லுக்குள்ளேயே குடியேறுகிறது. உணர்ச்சி போவதால் சுடுபாத்திரம் பட்டாலும் தெரியாது. புண் மேல் புண் ஆகும். விரல்கள் அழிவது உணர்ச்சியின்மையால் ஏற்படும் காயங்களாலேயே என்பதை வேலூரில் டாக்டர் பால் பிராண்டு எடுத்துக்காட்டினார். இன்று கூட்டு மருந்துகளால் இந்நோய் முழுதும் குணமாகும். நோயாளியை ஒதுக்குவதற்குக் காரணம் ஏதுமில்லை.

இனி உணவு. வைட்டமின் பி12 குறைந்தாலும் போர்வை நலிந்துபோகும். அது மீன், முட்டை, பால், இறைச்சியில் உண்டு, காய்கறிகளில் இல்லை. காலை உணவை விட்டுவிட்டு ஓடிவரும் மாணவியர் இதைக் கவனிக்க.

கம்பியே கெட்டால்

போர்வை போனாலும் உள்ளே கம்பி பிழைத்திருந்தால், ஸ்வான் செல்கள் மறுபடி போர்வை சுற்றும். கியாங்-பாரே நோயாளிகளில் பெரும்பாலோர் சில மாதங்களில் நடந்துவிடுவதற்கு இதுவே காரணம். ஆயாவின் தம்பி கோலூன்றியேனும் எழுந்ததும் அப்படித்தான். ஆனால் கம்பியே கெட்டால் மீள்வது கடினம்.

1977-78-இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கு மேற்பட்ட தமிழ்ச் சிறுமியருக்குக் கால் நரம்புகள் கெட்டன. எல்லோரும் அப்போதுதான் பூப்பெய்தியவர்கள். நம் வழக்கப்படி அவர்களுக்கு நல்லெண்ணெய் கொடுத்திருந்தார்கள். அந்த எண்ணெயில் டிரைகிரெசில் பாஸ்பேட் என்னும் இயந்திர எண்ணெய் சேர்மம் கலந்திருந்தது. முன்பு கனிம எண்ணெய் வைத்திருந்த பாத்திரங்களில் ஏற்றிவந்ததால் கலந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினார்கள். 1988-இல் கல்கத்தாவின் பெஹாலாவில் கடுகெண்ணெயிலும் இதே நஞ்சு கலந்து, நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். இந்த நஞ்சு ஆக்ஸானையே அழிப்பது. துறைமுகமும் எண்ணெய்த் தொட்டிகளும் தொழிற்சாலைகளும் சூழ வாழும் தாய்மார்களே! பழைய பீப்பாய்களை வாங்கிக் குடிநீரோ எண்ணெயோ ஊற்றி வைக்காதீர்கள்.

நாம் செய்ய வேண்டியவை

வெறிநோய்க் கிருமி காயத்திலிருந்து நரம்பிழை வழியாகவே மூளைக்கு ஏறுகிறது. அது சென்று சேரப் பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும். சிலருக்கு இன்னும் விரைவாகவும் ஆகலாம். அந்த இடைவெளியே நமக்குக் கிடைத்த வாய்ப்பு. ஆகையால்:

1. நாயோ பூனையோ குரங்கோ கடித்தால், பிறாண்டினால், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடங்கள் கழுவுங்கள்.

2. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் பூசாதீர்கள். இறுக்கிக் கட்டாதீர்கள்.

3. அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஸ்டான்லி நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஊசிக்குக் கட்டணம் இல்லை. இரத்தம் வந்த காயமானால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து போடுவார்கள், மறுக்காதீர்கள்.

4. தோலில் போடும் முறையில் முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என நான்கு முறை செல்ல வேண்டும். வலியில்லை என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

5. நாட்கள் கடந்துவிட்டன என்று சும்மா இருக்காதீர்கள். தாமதமானாலும் செல்லுங்கள்.

6. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் மறைக்காதீர்கள்.

அந்த மாணவியின் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஆயாவுக்கு நான் இந்தப் பாடத்தையே, போர்வை, ரயில், காவலர் எல்லாம் சொல்லி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ என் தம்பிக்குப் போட்டது ஆட்டு மூளையா டீச்சரம்மா? அது தெரியாம இத்தினி வருஷமா ஊசின்னாலே பயந்து கெடந்தேனே" என்றார். நான்காவது ஊசிக்குப் பேத்தியின் கையைப் பிடித்து அழைத்துச் சென்றவர் அந்த ஆயாதான். பேத்தி இப்போது மறுபடி முதல் வரிசையில் உட்காருகிறாள், கால்பந்தும் ஆடுகிறாள்.

ஆயாவின் அச்சம் அவர் கண்ணால் கண்டதிலிருந்து பிறந்தது. அதை ஏளனம் செய்து போக்க முடியாது. காரணத்தைச் சொல்லித்தான் போக்க முடியும். நீங்கள் படிக்கும் விஞ்ஞானம் விடைத்தாளோடு முடிந்துவிடாமல், உங்கள் வீட்டு ஆயாக்களின் காதுவரை செல்ல வேண்டும். அவர்கள் கேட்டால் தயங்காமல் விளக்குங்கள். உங்களுக்கே விளங்காவிட்டால் எங்களிடம் வந்து கேளுங்கள்.

– உயிரியல் ஆசிரியை